மானிப்பாய் மருத்துவப் பள்ளியும் நம் வீட்டுப் பெண்களும்

1990ஆம் ஆண்டின் கடைசி. அக்டோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களோடு நாங்களும் புத்தளம் வந்து, கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலில் ஒதுங்கியிருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. மழைக்காலம். தாழ்ந்த நிலம். கிணற்று நீர் எது, வெள்ள நீர் எது என்று பிரித்தறிய முடியாத நிலை. ஒன்றரை வயதான என் தம்பிக்கு ஒரு நாள் ஸுப்ஹுக்கு முன்பே வயிற்றோட்டம் ஆரம்பித்தது. லுஹருக்குள் எட்டுத் தடவை போய்விட்டது. உம்மா அழுதுகொண்டே அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கொடுப்பதெல்லாம் வெளியே போகிறதே, கொடுக்காமல் விட்டால் நின்றுவிடும் என்பது அவருடைய எண்ணம். எத்தனையோ தாய்மார் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அடுத்த கொட்டிலில் ஒரு மாமி இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருடங்கள் சிற்றூழியராக வேலை பார்த்தவர். 'ஆஸ்பத்திரி மாமி' என்றுதான் எல்லோரும் அழைப்போம். அழுகைச் சத்தம் கேட்டு வந்தவர் முதலில் செய்த காரியம், சவர்க்காரம் கேட்டு வாங்கிக் கையைக் கழுவியது. பிறகு தம்பியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து விட்டார். தோல் உடனே தன் இடத்துக்குப் போகாமல் மெதுவாக இறங்கியது. கண்களைப் பார்த்தார், நாக்கைத் தொட்டார். "கடைசியா எப்ப சலம் போனவன்?" என்று கேட்டார். உம்மாவுக்குத் தெரியவில்லை.

ஆற வைத்த கொதிநீர் ஒரு லீற்றர், தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. கலக்கித் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கண்ணீரை விட உப்புக் கூடியிருந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும் என்று உம்மாவிடம் சொன்னார். பிறகு என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலோடு என்னை ஓரமாக உட்கார வைத்தார். தம்பி எத்தனை கரண்டி குடிக்கிறான், எப்போது வாந்தி எடுக்கிறான், எப்போது வயிற்றால் போகிறது, எப்போது சலம் போகிறது, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுத வேண்டும். அதுதான் எனக்குத் தந்த வேலை. இஷாவுக்குக் கொஞ்சம் முன்னால் அவன் சலம் போனான். நானும் எழுதினேன். மறுநாள் காலை அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, டொக்டர் குழந்தையைத் தொடும் முன்பே அந்தத் துண்டுத் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தார். இதை யார் எழுதியது என்று கேட்டார். வாப்பா என்னைக் காட்டினார்.

மாமி படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆங்கிலம் தெரியாது. தோலைக் கிள்ளிப் பார், சலத்தைக் கேள், நேரத்தை எழுது என்ற பாடங்களை யாரோ ஒரு தாதி அவருக்கு அவருடைய பேச்சுத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். மேல்நாட்டு மருத்துவத்தை யாழ்ப்பாணத்து மண்ணில் தமிழில் சொல்லிக் கொடுக்கலாம் என்று முதலில் துணிந்தவர் யார் என்ற கேள்வி, வளர்ந்து அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில்தான் என் மனதில் எழுந்தது. தேடியபோது அது மானிப்பாய்க்குக் கொண்டு போய்ச் சேர்த்தது.

கிறீன் செய்த முடிவு

யாழ்ப்பாணத்தில் மேல்நாட்டு மருத்துவம் அமெரிக்க மிஷனரிகளோடு வந்தது. 1820இல் பண்டத்தரிப்பில் டொக்டர் ஜோன் ஸ்கடர் தொடங்கினார். 1847இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரத்துக்காரர், வந்தபோது வயது 25. அடுத்த வருடமே மானிப்பாயில் அமர்ந்து, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அவர் வந்தது தன் மதத்தைப் பரப்புவதற்காகவே. அதை அவரே மறைத்ததில்லை, நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலத்தில் படித்தவர்கள் தேர்ச்சி பெற்றதும் என்ன செய்தார்கள்? அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போனார்கள். கிராமத்துத் தாய் பிரசவ வேதனையில் துடிக்கும்போது அவள் அழைக்கக்கூடிய தூரத்தில் ஒருவரும் இல்லை. எனவே 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பி வந்த கிறீன், இனி வகுப்பு தமிழில் என்று முடிவு செய்தார். தமிழில் படித்தவன் தமிழ்க் கிராமத்திலேயே இருப்பான், கிராமத்தாருக்குக் கட்டுப்படியாகும் கூலியில் வாழ்வான் என்பது அவருடைய கணக்கு. மாணவர்கள் கோட்டும் சப்பாத்தும் போட்டு வெள்ளைக்காரரைப் போல் ஆகிவிடுவதையும் அவர் விரும்பவில்லை.

தமிழில் சொல்லிக் கொடுக்கப் புத்தகம் வேண்டுமே! உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் பற்றிய 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' 1852லேயே வெளிவந்திருந்தது. 'பிரசவ வைத்தியம்' 1857இல் வந்தது. பிறகு 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', அதே வருடம் 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்'. இவற்றுள் 'மனுஷ அங்காதிபாதம்' என்பது உலகப் புகழ் பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல். லண்டனில் அது முதன்முதலாக வந்தது 1858இல். 14 வருடத்தில் தமிழுக்கு வந்துவிட்டது! மாணவர்களும் தமிழ் அறிந்தவர்களும் அவரோடு உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். ஒரு பொருளுக்குத் தமிழ்ச் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுவார்கள். இல்லையென்றால் சமஸ்கிருதம். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவார்கள். இரசாயனத்துக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வந்தது அப்படித்தான். இன்று வாசித்தால் சில சொற்கள் பல்லில் கடிபடும். ஆனாலும் அந்தக் காலத்து இளைஞன் ஒருவன் மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து, மனித இதயத்துக்குள் இரத்தம் எந்த வாசலால் போய் எந்த வாசலால் வருகிறது என்று தன் தாய்மொழியில் வாசித்திருக்கிறான் என்பது லேசான விடயமா?

1873இல் நோயாளியாகத் தாயகம் திரும்பிய கிறீன் அங்கிருந்தும் கையெழுத்துப் படிகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு வருடம் அவர் காலமானார். அவரிடம் படித்துத் தேறியவர்கள் 60 பேருக்கு மேல், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள். மானிப்பாயில் அவர் பெயரால் ஆஸ்பத்திரி இருக்கிறது. யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850ஆம் ஆண்டளவில் எழுந்த ஆஸ்பத்திரியிலும் கிறீன் பணி செய்தார். அதுதான் வளர்ந்து இன்று நாம் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்லும் போதனா வைத்தியசாலை.

ஆனால் கிறீனால் ஒன்றைச் செய்ய முடியவில்லை. அவருடைய மாணவர்கள் அனைவரும் ஆண்கள். பிரசவ வைத்தியத்தைத் தமிழில் எழுதினார், ஆனால் அந்நிய ஆண் நுழைய முடியாத அறைக்குள் அதை எடுத்துச் செல்ல ஆள் இல்லை. அந்தக் குறை தீர 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேரி, மார்கரெட் லீச் என்ற இரு சகோதரிகள் திரட்டிய பணத்தில் இணுவிலில் பெண்களுக்காக மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது. டொக்டர் இஸபெல்லா கர் என்ற அம்மையார் அங்கே நீண்ட காலம் பொறுப்பாக இருந்தார். உள்ளூர்ப் பெண்கள் தாதிகளாகவும் மருத்துவமாதுகளாகவும் பயிற்சி பெற்றார்கள். இந்த இரண்டாவது கதையை நம் வீடுகளில் கூடுதலாகப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

வியன்னாவில் இறந்த தாய்மார்

கிறீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847இல், வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. அங்கே இரண்டு பிரசவப் பகுதிகள். ஒன்றில் டொக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவமாதுகள் பார்த்தார்கள். டொக்டர்கள் பார்த்த பகுதியில்தான் தாய்மார் அதிகமாக இறந்தார்கள்! அங்கே போடாதீர்கள் என்று கர்ப்பிணிகள் கெஞ்சுவார்களாம். காரணத்தைக் கண்டுபிடித்தவர் செம்மல்வைஸ் என்ற இளம் டொக்டர். மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படித்த கையோடு நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள், மருத்துவமாதுகள் பிணத்தைத் தொடுவதில்லை. குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அவர் கட்டளையிட்டார். அந்த வருடம் ஏப்ரலில் 100 தாய்மாரில் 18 பேர் இறந்த இடத்தில், ஜூனில் இறந்தவர்கள் 2 பேர்.

பெரிய படிப்புப் படித்தவர்களின் கையால் வந்த மரணம் அது. அதைத் தடுத்தது கை கழுவுதல். கிருமிகள்தான் காரணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆங்கிலேய டொக்டர் லிஸ்டர் புண்ணில் கிருமி புகாமல் காக்கும் முறையை எழுதி வெளியிட்டது 1867இல், அதாவது 'இரண வைத்தியம்' தமிழில் வந்த அதே வருடம். ஆகவே மானிப்பாயின் ஆரம்ப மாணவர்களுக்குத் தெரியாத ஒன்று இன்று நம் வீட்டுச் சிறுமிக்கும் தெரியும். நாளைக்கு ஐந்து வேளை ஒழுச் செய்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் புண்ணுக்கு மருந்து கட்டப் போகும்போது ஒழுவின் நீர் போதாது. சவர்க்காரம் வேண்டும், விரலிடுக்கு, பெருவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்து 20 விநாடிகளாவது கழுவ வேண்டும். மோதிரத்தைக் கழற்ற வேண்டும். கழுவிய கையை முந்தானையில் துடைக்கக் கூடாது. இந்தக் கடைசி விடயத்தில் தவறாத பெண்ணை நான் இன்னும் காணவில்லை. (என் வீட்டாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

மூச்சை எண்ணுவது

மருத்துவ உதவியாளர் என்பவர் யார்? நோய் இன்னது என்று தீர்ப்புச் சொல்பவர் அல்ல. பார்ப்பது, அளப்பது, எழுதுவது, கிருமி புகாமல் காப்பது, எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்று அறிந்திருப்பது, இவையே அவருடைய கல்வி. நம் நாட்டில் அப்போதிக்கரி என்றும் தாதி என்றும் மருத்துவமாது என்றும் பல பெயர்களில் இவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். யுத்த காலத்தில், டொக்டர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன நாட்களில், குடாநாட்டின் ஆஸ்பத்திரிகள் மூடப்படாமல் இருந்ததில் இவர்களுடைய பங்கு பெரிது. இந்தக் கல்வியில் ஒரு பகுதியை எந்த உம்மாவும் கற்றுக்கொள்ளலாம்.

மூச்சிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதை யாரும் எண்ணுவதில்லை. இருமலோடு இருக்கும் குழந்தைக்கு நியூமோனியாவா சாதாரணத் தடிமனா என்று சந்தேகிக்க உலக சுகாதார நிறுவனம் கிராமத்துச் சுகாதார ஊழியருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் வழி ஸ்டெதஸ்கோப் அல்ல, கைக்கடிகாரம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. டொக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் எண்ணிக்கொண்டு நிற்க நேரமில்லை, உடனே புறப்பட வேண்டும்.

நாடியை மணிக்கட்டில், பெருவிரலின் அடிப்பக்கமாக, மூன்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். பெருவிரலால் பார்க்கக் கூடாது. அதற்குள்ளேயே ஒரு நாடி ஓடுகிறது, நோயாளியின் நாடி என்று நினைத்து உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள்! வளர்ந்தவருக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை. பச்சைக் குழந்தைக்கு 120, 140 என்று ஓடும், பயப்பட வேண்டாம்.

காய்ச்சலைப் புறங்கையால் பார்ப்பது நம் தாய்மாரின் பழக்கம். அது 'இருக்கிறது, இல்லை' என்று மட்டும் சொல்லும். 38 பாகை செல்சியஸ், பரனைட் கணக்கில் 100.4, அதற்கு மேல் காய்ச்சல். கக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாயில் பார்ப்பதை விடச் சற்றுக் குறைவாகவே காட்டும். ஆகவே எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாரி மழைக்குப் பின் குடாநாட்டில் டெங்கு பரவும் காலத்தில் இந்தக் குறிப்பு உயிர் காக்கும். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பின் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது. "காய்ச்சல் விட்டுட்டுது" என்று வீட்டார் ஆறுதல் அடையும் அந்த வேளையில் வயிற்று நோ, ஓயாத வாந்தி, கை கால் குளிர்தல், சலம் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காய்ச்சல் எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது என்பதே டொக்டர் கேட்கும் முதல் கேள்வி. பனடோலைத் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளை அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கக் கூடாது. இரத்தம் கசிய அவை துணை போகும்.

சட்டைக் கையும் பேரீச்சம்பழமும்

பிரஷர் பார்ப்பதில் நம் பெண்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண் உதவியாளர் முன் கையைத் திறக்கக் கூச்சப்பட்டு, அபாயாவின் மேலேயே பட்டையைச் சுற்றச் சொல்கிறார்கள். அல்லது இறுக்கமான சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, அது கயிறு போல் புயத்தை இறுக்க, அதற்குக் கீழே பட்டையைச் சுற்றுகிறார்கள். இரண்டிலும் அளவு பிழைக்கும். பிழையான அளவுக்கு மாத்திரை எழுதப்படும், அல்லது எழுதப்பட வேண்டிய மாத்திரை எழுதப்படாமல் போகும். பெண் தாதியைக் கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை. கிளினிக் நாளில் தளர்ந்த கை வைத்த உடை அணிந்து போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். காலுக்கு மேல் கால் போடக் கூடாது, பாதம் தரையில் இருக்க வேண்டும். புயம் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் தேநீர் குடித்திருக்கக் கூடாது. முக்கியமாக, பட்டை இறுகும்போது பேசக் கூடாது. மருமகளைப் பற்றி அப்போதுதான் தாதியிடம் சொல்ல வேண்டும் என்று சில மாமிமார் இருக்கிறார்கள்!

கர்ப்பிணிப் பெண்ணுக்கு 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால், தலையிடியும் கண் மங்கலும் முகவீக்கமும் சேர்ந்தால், அது நாளைக்குப் பார்க்கலாம் என்று விடும் காரியம் அல்ல. அன்றே போக வேண்டும்.

சீனி பார்க்க விரல் நுனியில் குத்தும்போதும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. நோன்பு திறந்து பேரீச்சம்பழம் தின்ற கையோடு குத்திப் பார்த்த ஒருவருக்கு மீற்றர் பயங்கரமான எண்ணைக் காட்டியது. வீடே கலங்கியது. கையைக் கழுவி உலர்த்திப் பார்த்தபோது அதில் பாதிதான்! விரலில் ஒட்டியிருந்த இனிப்பு இரத்தத் துளியில் கலந்துவிட்டது. விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் நோவு குறைவு என்பதையும் தாதிகள் சொல்வார்கள்.

நோன்பு வைத்துக்கொண்டு இப்படிக் குத்திப் பார்க்கலாமா என்று பல சகோதரிகள் என்னிடம் கேட்கிறார்கள். பார்க்கலாம். அதனால் நோன்பு முறியாது. பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து. 70க்குக் கீழே இறங்கினால், மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும், நோன்பை விட வேண்டும் என்பதே மருத்துவர்களின் வழிகாட்டல். 300ஐத் தாண்டினாலும் அப்படித்தான். நீர் பட்டால் நோய் கூடுமா, நோன்பு நோயாளிக்குத் தீங்கா என்பவற்றில் நம்பகமான மருத்துவரின் சொல்லைக் கேட்கும்படி நமது பிக்ஹு நூல்களே கூறுகின்றன. மருத்துவரோ உதவியாளர் அளந்து கொடுத்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறார். அந்த எண் பிழைத்தால் பத்வாவும் பிழைக்கும்!

வங்காளத் தாய்மார் கற்ற பாடம்

உம்மா அன்று தண்ணீரை நிறுத்தியதை நினைக்கும்போதெல்லாம் இன்னொரு முகாம் என் நினைவுக்கு வரும். 1971இல் பங்களாதேஷ் யுத்தத்தில் இந்திய எல்லையைக் கடந்து வந்த அகதிகளிடையே, பொங்கானில், கொலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் முடிந்துகொண்டே போனது. டொக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சோடாவையும் அளந்து நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளியின் தாயோ சகோதரியோ குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். தாதி வேலையை உறவினரே செய்தார்கள். 100க்கு 30 பேர் வரை இறந்த இடத்தில் இறப்பு 4க்கும் கீழே வந்தது.

பிறகு பங்களாதேஷிலேயே பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, ஒரு கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. கரண்டி இல்லாத வீடு, எழுத்தறியாத தாய். ஆகவே அளவு கையிலேயே. மூன்று விரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். சில நாள் கழித்து வேறொருவர் வந்து அந்தத் தாயைக் கேள்வி கேட்பார், கலந்து காட்டச் சொல்வார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம்! ஆசிரியர் தொழில் பார்ப்பவன் என்ற முறையில் இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகவே இருந்தது.

நமக்கு இன்று 'ஜீவனி' பொட்டலம் கிடைக்கிறது. வீட்டில் கலப்பதை விட அது மேல். ஆனால் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். ஒரு லீற்றருக்கு என்றிருந்தால் ஒரு லீற்றர்தான். குழந்தை சிறியது என்று கோப்பை நீரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்புக் கூடிக் கேடாகிவிடும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனதற்கும் 50 முதல் 100 மில்லி லீற்றர், கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இரத்தம் கலந்து போனாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, கண் குழிந்தாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

நோவுக்கு எத்தனை சொல்!

ஆஸ்பத்திரியில் பெண்ணின் நோயைக் கணவரோ மகனோ சொல்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "வயித்து நோவாம்" என்பார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணையே கேட்டால் என்ன சொல்வாள்? குத்துகிறது, உளைகிறது, எரிகிறது, கடுக்கிறது, முறுக்குகிறது, விறைக்கிறது, இழுக்கிறது. ஒவ்வொன்றும் வேறு. எரிவது ஓரிடத்து நோய், விட்டு விட்டு முறுக்குவது இன்னோரிடத்து நோய். நெஞ்சில் 'பாரம் வைத்தது போல்' இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், அதை 'வாயு' என்று வீட்டார் மொழிபெயர்த்துவிட, மாரடைப்பின் முதல் மணி நேரங்கள் சோடாவிலும் இஞ்சியிலும் கழிந்துவிடும். நல்ல உதவியாளர் நோயாளி சொன்ன சொல்லையே எழுதுவார், தன் சொல்லை எழுதமாட்டார். கிறீன் தமிழில் சொல்லிக் கொடுக்கத் துணிந்ததன் பெறுமதி இந்த இடத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. படித்தவனுக்கும் நோயாளிக்கும் ஒரே மொழி இருந்தால், நடுவில் தொலைந்து போவது குறைவு.

பெண்ணுக்குப் பெண் இதைச் செய்ய மார்க்கத்தில் இடமுண்டா என்று கேட்பவர்களுக்கு ருஃபைதா (ரலி) அவர்களை நினைவூட்டுவேன். மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோருக்கு மருந்து கட்டிய ஸஹாபிப் பெண்மணி. அகழ் யுத்தத்தில் அம்பு பட்ட ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை அந்தக் கூடாரத்திலேயே வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். பெண்ணுக்குப் பெண் என்ன, ஆண் வீரர்களுக்கே அவர்கள் மருந்து கட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

யாழ்ப்பாணம் திரும்பிய பின், நான் ஓதிக்கொடுக்கும் பெண்கள் மத்ரஸாவுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஓய்வு பெற்ற தாதி ஒருவர் வருகிறார். மாணவிகள் அவரை ராத்தா என்றே அழைக்கிறார்கள். எண்பது பக்கக் கொப்பி ஒன்றைத் தவிர வேறு பாடப்புத்தகம் இல்லை. போன மாதம் பாடம் மூச்சு எண்ணுவது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கைக்குழந்தையைத் தூக்கி வந்திருந்தார்கள், அதுவும் நல்ல நேரத்தில் தூங்கிவிட்டது. பதினான்கு வயது மாணவி ஒருத்தி மேசை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். 44 என்று எழுதி, திகதியும் நேரமும் போட்டு, கொப்பியை நீட்டினாள்.

ராத்தா வாசித்துவிட்டு, "இது வேகமான மூச்சா, இல்லையா?" என்று கேட்டார்.

மாணவி 40க்கு மேல் இருக்கிறது, ஆகவே வேகம் என்றாள். பக்கத்தில் இருந்தவள் இல்லை, 50க்குக் கீழே இருக்கிறது என்றாள். இருவரும் வாதாடத் தொடங்கினார்கள். ராத்தா ஒன்றும் பேசாமல் கொப்பியின் மேல் ஓரத்தை விரலால் தட்டிக் காட்டினார். அங்கே வயது எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்தப் பிள்ளை எழுந்து வாசலுக்குப் போய், குழந்தையின் தாயிடம் கேட்டு வந்து எழுதினாள்: 7 மாதம்.